கசப்பு நீரும் மகனீசியத் தகடும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வாழும் நமக்கு உப்பளம் புதியதன்று. நீரைப் பாத்திகளிற் கட்டி வெயிலிற் காயவிட்டு, உப்பு விளைந்ததும் வாரியெடுக்கின்றோம். எஞ்சிய கசப்பு நீரை வெளியே விட்டுவிடுகின்றோம். அந்நீருக்குக் கசப்பைத் தருவன மகனீசிய உப்புகளே. ஒரு கன மீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 1.3 கிலோகிராம் மகனீசியம் உண்டு. உப்புப் பிரிந்த நீரில் அது பன்மடங்கு செறிந்திருக்கும். அவ்வுலோகத்தைத் தகடாக்குவது ஏன் அரிதாயிற்று, அவ்வருமை எங்ஙனம் வெல்லப்பட்டது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு கன சென்ரிமீற்றர் இரும்பின் நிறை 7.87 கிராம், அலுமினியம் 2.70 கிராம், மகனீசியமோ 1.74 கிராமே. ஊர்திகளின் பாரத்தைக் குறைக்க விழைவோர் இதனை நாடுதல் இயல்பே. எனினும் அலுமினியத் தகட்டை வளைப்பதுபோல் மகனீசியத் தகட்டைக் குளிர்ந்த நிலையில் வளைக்கப் புகின், அது எளிதில் வெடித்துவிடும்.

காரணம் அதன் பளிங்கமைப்பிலே உள்ளது. மகனீசிய அணுக்கள் அறுகோண ஒழுங்கில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. சாதாரண வெப்பநிலையில் இவ்வடுக்குகள், சீட்டுக்கட்டிலுள்ள சீட்டுகள் போல, பெரும்பாலும் ஒரே தளத்தில் மட்டுமே எளிதாக வழுக்கும். அலுமினியத்திலோ வழுக்குதற்குரிய தளங்கள் பல. மேலும், உருளைகளிடையே நசுக்கித் தகடாக்கும்போது இச்சீட்டுகள் தகட்டின் முகத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துவிடுகின்றன. ஆதலால் தகட்டை இன்னும் மெலியச் செய்தல் கடினமாகின்றது. 200 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் வேறு தளங்களும் வழுக்கத் தொடங்கும். ஆகவே தகட்டையும் அதனை அழுத்தும் அச்சையும் சூடாக்கியே உருவமைக்கின்றனர்.

பழைய முறையில் முதலிற் பருத்த பாளம் வார்க்கப்படும். பின்பு அது சூடாக்கப்பட்டு உருளைகளிடையே பலமுறை செலுத்தப்படும். மெலிய மெலிய வெப்பம் விரைவில் நீங்குவதால் மீண்டும் மீண்டும் சூடாக்கல் வேண்டும். ஓரங்கள் வெடிப்பதால் வெட்டியெறிதலும் வேண்டும். தகட்டின் விலை உயர்ந்தது இதனாலேயே.

இரட்டை உருளை வார்ப்பு இவ்வழியைச் சுருக்குகின்றது. உள்ளே நீரோடிக் குளிரும் இரு உருளைகள் எதிரெதிராகச் சுழல, அவற்றின் இடுக்கில் உருகிய உலோகம் ஊட்டப்படும். அது அங்கேயே உறைந்து, ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டையாக வெளிவரும். மெல்லிய தகடாக்கச் சில சூட்டுருட்டல்களே போதும். விரைந்து குளிர்வதால் பளிங்கு மணிகளும் நுண்மையாகும்.

இடர்களும் உள. 100 பங்கில் 3 பங்கு அலுமினியமும் 1 பங்கு நாகமும் சேர்ந்த கலப்புலோகமே பெரிதும் பயன்படுவது. இரு முகங்களிலிருந்தும் உறைதல் உள்நோக்கிச் செல்லும்போது, சேர்த்த உலோகங்கள் நடுவே ஒதுங்கும். அவற்றைப் பரவச் செய்ய ஏறக்குறைய 400 பாகையில் நெடுநேரம் வைத்திருத்தல் வேண்டும். 650 பாகையில் உருகும் இவ்வுலோகம் வளியிலே தீப்பற்றும். நீர் பட்டால் ஐதரசன் தோன்றி வெடிக்கும். ஆகையாற் காப்பு வாயுவால் அதனை மூடுகின்றனர். நெடுங்காலம் இதற்குப் பயன்பட்ட கந்தக எக்சாபுளோரைட்டு, காபனீரொட்சைட்டினும் 20,000 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது. அதனை நீக்கும் முயற்சிகள் நிகழ்கின்றன.

இரட்டை உருளை எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் பெசமர் என்னும் ஆங்கிலேயருடையது. அலுமினியத்துக்கு முன்பே கைகூடிய அம்முறை, மகனீசியத்துக்கு அண்மைக் காலத்திலேதான் கைகூடிற்று. அவுத்திரேலியாவிலும் யேர்மனியின் பிரைபேர்க் நகரிலும் ஆராய்ச்சிகள் நடைபெற்றன. தென்கொரியாவின் பொசுகோ நிறுவனம் 2007இல் சுன்சொன் நகரில் இத்தகட்டு ஆலையைத் திறந்தது.

இனி நம் மாவட்டத்தை நோக்குவோம். 1941இல் அமெரிக்காவின் பிரீபோட் நகரில் கடல்நீரிலிருந்து மகனீசியம் பிரித்தபோது, சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பே அதனை வீழ்படிவாக்க உதவிற்று. பின்பு குளோரைட்டாக்கி மின்பகுப்பால் உலோகம் பெற்றனர். மதுரங்குளிக்கு வடக்கே பாலாவியில் உப்பளம் உண்டு. அருவக்காட்டிற் சுண்ணக்கல் உண்டு. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று மின்னிலையம் உண்டு. ஆயினும் உடனே ஆலை எழுப்புக என நாம் கூறோம். ஒரு கிலோகிராம் உலோகத்துக்குப் பத்து அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நுரைச்சோலை மின்சாரமோ நிலக்கரியிற் பிறப்பது. பிரீபோட் ஆலையும் 1998இல் மூடப்பட்டது. இன்று உலக மகனீசியத்திற் பெரும்பகுதி சீனாவில், தொலமைற்றுக் கல்லிலிருந்து பெறப்படுகின்றது.

ஆயின் அறிவுக்கு ஆலை வேண்டுவதில்லை. ஆசிரியர் முன்னிலையில் சிறிதளவு கசப்பு நீரில் எரிசோடாக் கரைசலை விட்டால், வெண்ணிற மகனீசிய ஐதரொட்சைட்டு வீழ்படிவதை மாணவர் கண்ணாற் காணலாம். உப்பையும் கல்லையும் மலிவாக விற்று, அவற்றால் ஆகிய பொருள்களை அருவிலைக்கு வாங்கும் நிலை, பொருளின் தன்மையை அறிந்தோர் நம்மிடையே பெருகினாலன்றி மாறாது. இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் நம் ஆய்வுகூடத்துக்குத் தராசுகளும் நுணுக்குக்காட்டிகளும் அளிப்பாராயின், பாத்தியிலிருந்து வெளியேறும் அந்நீரை நம் இளைஞர் வேறு கண்ணோடு நோக்குவர்.