பரணை அறையாக்குமுன்

பிள்ளைகள் படிப்பதற்கு இடம் வேண்டுமெனக் கூரையின் கீழுள்ள பரணை அறையாக்குவோர் உண்டு. அங்கே தீராந்திகளின் மேல் பழைய மின்கம்பிகள் கிடக்கும்; எலி கடித்திருக்கவும் கூடும். பார்க்காமல் பலகை அடித்தால், ஓர் ஆணி 230 வோல்ற்று மின்சாரத்தைத் தொட்டுவிடும்.

எனவே முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். வயரிங் முறையாகத் தெரிந்தவரைக் கொண்டு எல்லாக் கம்பிகளையும் பரிசோதியுங்கள். தீராந்தியில் துளையிட்டுக் கம்பியைக் கொண்டுசெல்வதானால், துளை மேல், கீழ் விளிம்புகளிலிருந்து 50 மில்லிமீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். நாடா சுற்றிய மூட்டுகளைப் பலகையின் கீழ் புதைக்காதீர்கள். திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் வையுங்கள். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் தேவை.

பலகை அடித்தபின் கம்பி கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல்தான் பிள்ளை உறங்கும்.