எம்.இ.யா, எம்.பி.ஏ.வா, இரண்டும் சேர்ந்ததா?

ஓரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலை என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் ஷாப்பிலிருந்து மணிக்கு 50 உருப்படிதான் வெளியே வருகிறது. அதற்கு முன்னால் 600 தேங்கிக் கிடக்கின்றன. இப்போது வரிசையில் சேரும் உருப்படிக்கு 12 மணி நேரக் காத்திருப்பு. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இந்தக் கணக்குதான். இதைப் பார்த்ததும் உங்கள் மனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்தே மேற்படிப்பை முடிவு செய்யலாம்.

எந்த நிறத்தை முதலில் அடிப்பது, நிறம் மாற்றும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்று யோசிப்பவருக்கு எம்.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது, கேட் மதிப்பெண்ணோ சீட்டா நுழைவுத் தேர்வோ வேண்டும். கேட் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு வழியுண்டு. எம்.பி.ஏ. அளவுக்குச் சம்பளம் வராது என்று இதை ஒதுக்குகிறவர்கள், கடன் இல்லாமல் வெளியே வருவதன் மதிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு பெயின்ட் பூத் வாங்கலாமா, ஜாப் ஒர்க் கொடுத்துவிடலாமா, இந்த ஆர்டரே வேண்டாமா? இப்படி யோசிப்பவருக்கு எம்.பி.ஏ. பல கல்லூரிகளில் ஆபரேஷன்ஸ் என்பது நான்கைந்து விருப்பப் பாடங்களோடு நின்றுவிடும். சேருமுன் பாடத்திட்டத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஆபரேஷன்ஸையே மையமாக வைத்து வளர்ந்தது மும்பை நிட்டி. 1963இல் தொடங்கி, 2023இல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது. அங்கே ஆபரேஷன்ஸுக்கும் சப்ளை செயினுக்கும் தனி எம்.பி.ஏ. உண்டு; அதற்கு கேட் (GATE) அல்ல, கேள்வித்தாளே வேறான 'சிஏடி' எழுத வேண்டும். ஆலையை உள்ளே போய்ப் பார்க்காமல் பி.இ. முடித்த கையோடு சேர்ந்தால், வகுப்பில் அலசும் ஆலைகள் எல்லாம் காகித ஆலைகளாகவே இருக்கும். இரண்டு வருடம் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டு கேள்வியும் சேர்ந்தே எழுகிறதா? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எல்.ஜி.ஓ. என்ற படிப்பு இருக்கிறது. ஜப்பானிய ஆலைகளிடம் அமெரிக்கத் தொழில்துறை பின்தங்கிய காலத்தில், 1988இல் பிறந்தது. இரண்டே ஆண்டில் எம்.பி.ஏ.வும் பொறியியல் முதுகலையும். நடுவே ஆறு மாதம் கூட்டு நிறுவனம் ஒன்றில் வேலை; ஆய்வேடு அந்த வேலையிலிருந்தே எழ வேண்டும். பணி அனுபவம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. கட்டணத்தில் ஒரு பகுதியை உதவித்தொகை ஏற்கும் என்றாலும் மீதியும் சிறிய தொகை அல்ல. இது கிடைக்காவிட்டால் எம்.இ.யும் எம்.பி.ஏ.வும் தனித்தனியாக நான்கு வருடம் படிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேலையில் இருந்துகொண்டு ஒன்றைப் படித்தால் போதும்.

கட்டணம் கட்டும் முன், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசனின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடங்களை என்.பி.டி.இ.எல்.லில் இலவசமாகக் கேளுங்கள். கணக்கு வரும் இடங்களில் வீடியோவை ஓட்டிவிடத் தோன்றினால் எம்.இ.யை விட்டுவிடுங்கள், எம்.பி.ஏ.விலும் ஆபரேஷன்ஸ் அல்லாத பிரிவைப் பாருங்கள்.