இணையத்தில் ஓர் ஊர்

உரைநடை

நுழையும்முன்

மனிதர் கூடி வாழத் தொடங்கிய நாள்முதல் இரண்டு கேள்விகள் அவர்களோடு வந்திருக்கின்றன. எங்கே குடியேறுவது? யாரோடு குடியேறுவது? ஆற்றங்கரையிலும் மலையடிவாரத்திலும் முன்னோர் எதிர்கொண்ட இக்கேள்விகளை இன்று கணினித் திரைமுன் அமர்ந்திருக்கும் இளையோரும் எதிர்கொள்கின்றனர். பலர் சேர்ந்து ஆடும் இணையவழி விளையாட்டில் ஊர் அமைப்போர் இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர், மக்களை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

கட்டிகளால் ஆன உலகம்

இணையவழி விளையாட்டு என்றவுடன் ஓட்டமும் சண்டையும் நம் நினைவுக்கு வரலாம். கட்டுவதையும் பயிரிடுவதையும் கூடி வாழ்வதையும் நோக்கமாகக் கொண்ட விளையாட்டுகளும் உள்ளன. அவற்றுள் உலகெங்கும் அறியப்பட்டது மைன்கிராஃப்ட். சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள மொஜாங் நிறுவனம் இதன் முழுப் பதிப்பை 2011ஆம் ஆண்டு வெளியிட்டது. 2023ஆம் ஆண்டுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

இவ்விளையாட்டின் உலகம் கனசதுரக் கட்டிகளால் ஆனது. ஒரு கட்டியின் பக்க அளவு ஒரு மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. பகலும் இரவும் சேர்ந்த ஒரு முழுநாள் 20 நிமிடங்களில் முடிந்துவிடும். பலர் ஒரே உலகில் ஆட வேண்டுமானால் அவ்வுலகம் ஒரு சேவையகத்தில் இயங்க வேண்டும். அங்கே நுழைவோருள் சிலர் ஒன்றுகூடி வீடும் வயலும் சாலையும் அமைக்கும்போது ஓர் ஊர் பிறக்கிறது.

நீரும் நிலமும்

ஊர் அமைக்க விரும்புவோர் முதலில் தேடுவது நீரை. உழுத நிலத்திலிருந்து நான்கு கட்டித் தொலைவுக்குள் நீர் இருந்தால் அந்நிலம் ஈரமாக இருக்கும். பயிரும் விரைந்து வளரும். நடுவில் ஒரே ஒரு நீர்க்கட்டியை அமைத்து, அதைச் சுற்றி ஒன்பதுக்கு ஒன்பது என்ற சதுரத்தில் உழுதால், 80 பாத்திகளுக்கு நீர் கிடைக்கும். இச்சிறு கணக்கை அறிந்தவர் வயலையும் வாய்க்காலையும் திட்டமிட்டு அமைப்பார். அறியாதவர் நிலத்தை வீணாக்குவார்.

அடுத்து நிலத்தின் இயல்பு. சமவெளியில் கட்டுவது எளிது. ஆனால் அங்கு மரம் குறைவு. காட்டில் மரம் மிகுதி. ஆனால் இடத்தைத் திருத்த வேண்டும். மலையில் கல்லும் கனிமமும் கிடைக்கும். பாலையில் மரமே இராது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தைப் பகுத்து நோக்கும் தமிழ் மரபைக் கற்ற உங்களுக்கு இவ்வேறுபாடுகள் புதியவை அல்ல. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வளமும் ஒரு குறையும் உண்டு. ஆகவே, ஒரே வகை நிலத்தின் நடுவைவிட, இரண்டு நிலங்கள் சந்திக்கும் இடமே ஊருக்கு ஏற்றது. ஒருபுறம் சமவெளி, மறுபுறம் காடு, அருகில் ஆறு என அமைந்த இடத்தில் உணவும் மரமும் நீரும் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும்.

பாதுகாப்பையும் எண்ண வேண்டும். இவ்விளையாட்டில் தீங்கு செய்யும் உயிர்கள் பெரும்பாலும் இருளிலேயே தோன்றும். தீப்பந்தங்களை நட்டு ஒளியேற்றிய இடத்தில் அவை தோன்றுவதில்லை. நெருக்கமாக அமைந்த சிற்றூருக்கு ஒளியேற்றுவது எளிது. சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு அரிது.

அருகா, தொலைவா?

இடம் தேர்வதில் மிகக் கடினமான கேள்வி தொலைவு பற்றியது. சேவையகத்தில் புதிதாக நுழையும் எவரும் ஒரு குறிப்பிட்ட தோன்றுமிடத்தின் அருகிலேயே முதலில் தோன்றுவர். அதன் அருகில் ஊர் அமைத்தால் புதியவர்கள் எளிதில் வந்து சேர்வர். ஆனால், அங்கே மரங்கள் விரைவில் வெட்டப்பட்டுவிடும், கனிமங்கள் தோண்டப்பட்டுவிடும், போவோரும் வருவோரும் பிறர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பர். 2010ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விதிகளற்ற சேவையகம் ஒன்றில் தோன்றுமிடத்தைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் சிதைக்கப்பட்டுப் பாழ்நிலமாகக் கிடக்கிறது. அங்கே கட்ட விரும்புவோர் நெடுந்தொலைவு சென்று, தம் இருப்பிடத்தின் ஆயத்தொலைவுகளைப் பிறர் அறியாமல் மறைத்து வைக்கின்றனர்.

தொலைவில் வளம் உண்டு, அமைதியும் உண்டு. ஆனால், எவரும் கண்டுபிடிக்க இயலாத இடத்திற்கு எவரும் வரமாட்டார். மிக அழகாகக் கட்டப்பட்டும் ஆளில்லாமல் கிடக்கும் ஊர்கள் இவ்வகையில் தோன்றியவையே.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. தோன்றுமிடத்தைவிட்டுச் சற்றே விலகி ஊரை அமைத்து, அங்கிருந்து ஊர்வரை தெளிவான சாலையும் வழிகாட்டிப் பலகைகளும் அமைக்கலாம். இவ்விளையாட்டில் நெதர் என்னும் கீழுலகமும் உண்டு. அங்கே ஒரு கட்டித் தொலைவு நடந்தால் மேலுலகில் எட்டுக் கட்டித் தொலைவு கடந்ததாகும். அவ்வழியே பாதை அமைத்தால் தொலைவான ஊரும் அருகில் வந்துவிடும். எனவே, "நமக்கு வசதியான இடம் எது?" என்று மட்டும் கேட்பது போதாது. "இன்னும் வராதவர்க்கு வசதியான இடம் எது?" என்றும் கேட்க வேண்டும்.

அழைப்பின் மொழி

இடம் கிடைத்துவிட்டது, இனி மக்கள் வேண்டும். குடியேற அழைக்கும் இரண்டு அறிவிப்புகளைப் படியுங்கள்.

அழைப்பு 1
"இதைப்போல ஓர் ஊர் எங்குமே இல்லை! எல்லாம் இலவசம்! உடனே வாருங்கள்!"

அழைப்பு 2
"நாங்கள் ஆறு பேர். ஆற்றங்கரையில் ஊர் அமைத்து வருகிறோம். வயல் உண்டு, பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டு மணிநேரம் ஆடுவோம். பயிரிடுவோரும் பாலம் கட்டுவோரும் வேண்டும். பழகாதவர்க்குக் கற்றுத் தருவோம். பிறர் பொருளைக் கேளாமல் எடுப்போர்க்கு இடமில்லை. விரும்புவோர் வருக."

முதல் அழைப்பைக் கண்டு பலர் வரலாம். எதிர்பார்த்தது கிடைக்காதபோது அவர்கள் அன்றே திரும்பிவிடுவர். இரண்டாவது அழைப்பைக் கண்டு வருவோர் சிலராகவே இருக்கலாம். ஆனால், அவர்கள் தெரிந்தே வருகின்றனர். ஊரில் இருப்பதோடு இல்லாததையும் அந்த அறிவிப்பு கூறுகிறது. நேரத்தையும் விதியையும் முன்பே சொல்லிவிடுகிறது. "பாலம் இன்னும் கட்டி முடியவில்லை" என்னும் தொடர் குறையை ஒப்புக்கொள்வது மட்டுமன்று. வருபவருக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது என்பதையும் உணர்த்துகிறது. எல்லாம் முடிந்துவிட்ட ஊரில் புதியவர் விருந்தினர். முடியாத பணி உள்ள ஊரில் அவர் பங்காளர்.

யாரை அழைப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். அனைவரும் மாளிகை கட்டுவோராக இருந்தால் வயலைப் பார்ப்பவர் யார்? கட்டுபவர், பயிரிடுபவர், சுரங்கம் தோண்டுபவர், கணக்கு வைப்பவர், பூசலைத் தீர்ப்பவர் எனப் பல திறத்தார் கூடியதே ஊர்.

புதியவர் நிலைப்பது எப்படி?

அழைப்பதைவிடக் கடினமானது, வந்தவரை நிலைக்கச் செய்வது. பெற்றோரின் பணிமாறுதலால் ஊர்விட்டு ஊர் சென்று புதிய பள்ளியில் சேர்ந்த அனுபவம் உங்களுள் பலருக்கு இருக்கும். முதல் நாளில் யாரேனும் ஒருவர் இருக்கையில் இடம்விட்டு, "இங்கே உட்கார்" என்றால் எவ்வளவு ஆறுதல்! எவரும் பேசாவிட்டால் எவ்வளவு பாரம்! இணையத்தில் அமைந்த ஊருக்கும் இது பொருந்தும். புதியவர் வந்தவுடன் அவருக்கு வீட்டுமனை ஒன்றைக் காட்டுதல், பொதுப் பெட்டியிலிருந்து உணவும் கருவியும் கொடுத்தல், ஊர் விதிகளைப் பொறுமையாகச் சொல்லுதல், செய்வதற்கு ஒரு சிறு பணியை ஒப்படைத்தல் ஆகிய நான்கும் செய்தால் அவர் மறுநாளும் வருவார்.

2003ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ் என்னும் விளையாட்டு, மக்களின் அருமையைத் தன் விதியாகவே வைத்திருந்தது. அதில் ஆடுவோர் நகரங்களை நிறுவினர். வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுத்தனர். நகரின் தகுதி, கட்டடங்களின் அழகைப் பொறுத்து உயரவில்லை. அங்கே குடிமக்களாகப் பதிந்தோரின் எண்ணிக்கையைப் பொறுத்தே உயர்ந்தது. மக்கள் குறைந்தால் தகுதியும் குறைந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அவ்விளையாட்டின் சேவையகங்கள் நிறுத்தப்பட்டன. அவர்கள் கட்டிய நகரங்கள் அன்றோடு மறைந்தன.

அப்படியானால் அத்தனை உழைப்பும் வீணா? இல்லை. திரையில் எழுந்த சுவர்கள் நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தன. கூடித் திட்டமிடவும், பகிர்ந்து உழைக்கவும், புதியவரை ஏற்கவும் கற்ற பழக்கம் ஆடியவர்களிடம் இருந்தது. அதை எந்தச் சேவையகமும் அழிக்க இயலாது. இடம் ஊருக்குத் தொடக்கம், மக்களே ஊர்.

தெரிந்து தெளிவோம்

• ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்புத் திட்டமும் மொஜாங் நிறுவனமும் 2012ஆம் ஆண்டு ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. தம் பகுதியின் பூங்கா, விளையாட்டுத்திடல் போன்ற பொதுவிடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை மக்களே மைன்கிராஃப்ட்டில் கட்டிக் காட்டுகின்றனர். கென்யாவின் நைரோபியிலும் ஹெய்ட்டியிலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

• இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிறைவடையாதவரைக் குழந்தை என வரையறுக்கிறது. அவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை.

நினைவில் கொள்க

இணையவழி ஊரில் உங்கள் வீட்டு முகவரி, பள்ளியின் பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல், ஒளிப்படம் ஆகியவற்றை எவரிடமும் பகிராதீர்கள். பெற்றோர் அறியாமல் எந்தக் குழுவிலும் சேராதீர்கள். தனியே சந்திக்க அழைப்பவரைப் பற்றிப் பெரியவரிடம் உடனே கூறுங்கள்.

சொல்லும் பொருளும்

சேவையகம் – பலர் இணைந்து பயன்படுத்த உதவும் மையக் கணினி
ஆயத்தொலைவு – ஓர் இடத்தைக் குறிக்கும் எண்
பாத்தி – பயிரிடுவதற்காகப் பகுத்த சிறு நிலம்
பங்காளர் – பணியில் பங்கு கொள்பவர்
இசைவு – ஒப்புதல்

இலக்கணம் அறிவோம்

"விரும்புவோர் வருக" என்னும் தொடரில் உள்ள 'வருக' என்பது வியங்கோள் வினைமுற்று. க, இய, இயர் முதலியவை இதன் விகுதிகள். வாழ்த்துதல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் இது வரும். இரு திணைக்கும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவானது. எ.கா. வாழ்க, வாழிய, வாழியர்.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. ஒரு நீர்க்கட்டியைச் சுற்றி நீர் பெறும் பாத்திகளின் எண்ணிக்கை ________.
அ) 40   ஆ) 64   இ) 80   ஈ) 100
2. ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ் விளையாட்டில் நகரின் தகுதியை உயர்த்தியது ________.
அ) கட்டடங்களின் அழகு   ஆ) குடிமக்களின் எண்ணிக்கை   இ) நிலத்தின் வளம்   ஈ) மேயரின் வயது

ஆ. பிரித்து எழுதுக.
1. வீட்டுமனை   2. தோன்றுமிடம்   3. ஆற்றங்கரை

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இரண்டு நிலங்கள் சந்திக்கும் இடம் ஊருக்கு ஏற்றது எனக் கூறுவது ஏன்?
2. நெருக்கமாக அமைந்த ஊரின் நன்மை யாது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. தோன்றுமிடத்தின் அருகில் ஊர் அமைப்பதால் வரும் நன்மை, தீமைகளை எழுதுக.
2. இரண்டு அழைப்புகளையும் ஒப்பிட்டு, நீங்கள் எதை ஏற்பீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதுக.

உ. சிந்தித்து எழுதுக.
"இடம் ஊருக்குத் தொடக்கம், மக்களே ஊர்." இக்கருத்தை நீங்கள் வாழும் குடியிருப்போடு பொருத்தி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

ஊ. செயல்பாடு
நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து, கட்டத்தாளில் ஓர் ஊரின் வரைபடத்தை வரைக. நீர், வயல், வீடு, பொதுவிடம், சாலை ஆகியவற்றைக் குறிக்க. அவ்வூருக்கு மக்களை அழைக்கும் அறிவிப்பை எட்டுத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக. ஊரில் இன்னும் இல்லாத ஒன்றையும் அறிவிப்பில் தவறாமல் குறிப்பிடுக.