குளத்து மீனும் டீசல் எஞ்சினும்

டிப்ளமோ படிக்கும் நமக்கு மீனைப் பற்றி என்ன பாடம் என்று கேட்பீர்கள். எஞ்சினைப் படித்தவனுக்கு மீன் சுலபமாகப் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பிறகு நம் தஞ்சைப் பக்கம் வாய்க்கால் வற்றும், குளம் சுருங்கும், தண்ணீர் சூடேறும்.

வரவும் செலவும்

20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனோ குளிர் இரத்தப் பிராணி. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகிறது. வரவு குறையுது, செலவு ஏறுது!

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். இல்லாவிட்டால் 2 மட்டுமே. கூடவே லாக்டிக் அமிலமும் சேரும். ஏர் ஃபில்டர் அடைத்த எஞ்சின் டீசலைக் குடித்துக் கரும்புகை கக்குமே, அதே கதைதான்.

இந்த நெருக்கடியில் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும். ஈரலில் சேமித்த கிளைக்கோஜன் கரையும். நாள்பட்டால் தசைப் புரதமும் செலவாகும். செவுளை வேகமாக அசைக்கவே சக்தி போய்விடுவதால் வளர்ச்சிக்கு மிஞ்சாது. மீன் செத்து மிதந்தால்தான் நஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். "தீனி போட்டும் எடை ஏறலையே" என்பதும் இதே நஷ்டமாக இருக்கலாம்.

பனையேறியின் தந்திரம்

1791-ல் தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிய மீனைப் பிடித்ததாக டேனிஷ்காரர் டால்டார்ஃப் எழுதினார். அது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அச்சானது. அதுதான் நம் வயல்களில் கிடைக்கும் பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் காற்றையே சுவாசிக்கும். ஒரு லிட்டர் காற்றில், அதே அளவு நீரில் இருப்பதைப்போல் 30 மடங்குக்கு மேல் ஆக்சிஜன் உண்டு. விராலும் காற்றைச் சுவாசிக்கும். நாம் வளர்க்கும் கட்லா, ரோகுவுக்குச் செவுள் மட்டுமே கதி.

நாம் செய்யக்கூடியது

இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் பற்றாக்குறை அதிகம். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால்:

1. அன்று தீனியை நிறுத்துங்கள். செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும்.
2. புது நீர் பாய்ச்சுங்கள்.
3. அதுவும் இல்லையேல், குளத்து நீரையே பம்பில் இறைத்து மழைபோல் விழவிடுங்கள்.

மோட்டாரும் பம்பும் நம் கைக்கு வந்த தொழில். ஊர்க் குளத்துக்கு இந்த உதவியைச் செய்ய நம்மால் முடியும்தானே!