தொட்டியில் பழுத்தது நம் பிள்ளைக்குக் கிடைக்கட்டும்



இந்த மாதப் பாடம் வீட்டுத் தோட்டம் பற்றியது. நம் குழுக்களில் பலர் தொட்டியிலும், பழைய பெயிண்ட் டப்பாவிலும், பாதியாக அறுத்த டிரம்மிலும் கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சப்போட்டா வைத்திருக்கிறோம். கிணறு இல்லாவிட்டாலும், நிலம் இல்லாவிட்டாலும், வாசலில் ஒரு செடி வைக்க முடிகிறது. ஆனால் கூட்டத்துக்கு வந்தால் ஒரே புலம்பல். "காய் நல்லாத்தாங்க புடிச்சுது, பழுக்கற நேரத்துல அணில் தின்னுட்டுப் போயிடுச்சு" என்கிறோம். ஆறு மாசம் தண்ணீர் சுமந்து ஊற்றியது நாம், சாப்பிட்டது வேறு யாரோ. இதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

பாடத்தின் நோக்கம்

1. பழத்தைத் தின்பது எந்தப் பிராணி என்று அடையாளம் காண்பது.
2. குறைந்த செலவில், எந்த உயிரையும் கொல்லாமல் பழத்தைக் காப்பது.
3. செய்யக் கூடாத ஆபத்தான வேலைகளைத் தெரிந்துகொள்வது.

ஏன் இது முக்கியம்?

"நாலு கொய்யாப்பழத்துக்கு இவ்வளவு பாடமா?" என்று கேட்கலாம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் சுமார் 50தான். கேழ்வரகுக் களியிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து நம் உடம்பில் முழுசாகச் சேருவதில்லை. சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ, எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் அதிகமாகச் சேரும். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கும், வளரும் பிள்ளைக்கும் வாசல் செடி ஒரு மருந்துக் கடை மாதிரி. அந்தப் பழத்தைக் காசு கொடுத்து வாங்கித் தின்னும் வசதி நம் வீட்டில் எல்லா நாளும் இருப்பதில்லை.

முதலில் ஆளைக் கண்டுபிடிப்போம்

எல்லாப் பழியையும் அணில் மேல் போடுகிறோம். விடிந்ததும் செடியடியில் குனிந்து பாருங்கள், அடையாளம் தெரியும்.

அணில்: பகலில் மட்டும் வரும். பழம் கிளையிலேயே பாதி கொறித்தபடி தொங்கும். சின்னச் சின்னப் பல் கீறல் இருக்கும்.

கிளி: காலையிலும் மாலையிலும் கூட்டமாக வரும். அலகால் கொத்தி, கொஞ்சம் தின்று, மீதியைக் கீழே போடும். பிஞ்சைக்கூட விடாது.

வவ்வால்: இரவில் வரும். பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்விடும். சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை தரையில் கிடக்கும்.

எலி: இரவில் வரும். தொட்டி மண்ணைத் தோண்டும், பழத்தைக் குடைந்து உள்ளே தின்னும். பக்கத்தில் கருப்புப் புழுக்கை கிடக்கும்.

குரங்கு: கிளை ஒடிந்திருக்கும், தொட்டி கவிழ்ந்திருக்கும், ஒரு கடி கடித்த காய்கள் எறிந்து கிடக்கும்.

மயில்: பூவையும் இளந்தளிரையும் கொத்தும். தொட்டி மண்ணைக் கிளறிப் போடும்.

இன்னொன்றும் உண்டு. பழத்தின் மேல் ஊசி குத்தியது போல் ஒரு புள்ளி, வெட்டினால் உள்ளே புழு. இது பழ ஈயின் வேலை. இதற்கு அணிலைத் திட்டிப் பயனில்லை.

வழி 1: தொட்டியை நகர்த்துவோம்

தரையில் நட்ட மரத்துக்கு இல்லாத வசதி தொட்டிச் செடிக்கு உண்டு, இடம் மாற்றலாம். அணில் மதில் மேலிருந்தும், வேப்பங்கிளையிலிருந்தும், துணி காயப்போடும் கம்பியிலிருந்தும் தாவித்தான் செடிக்கு வருகிறது. காய் முற்றும் காலத்தில் இவற்றிலிருந்து ஐந்தாறு அடியாவது தள்ளி, ஆள் நடமாடும் வாசல் பக்கம் தொட்டியை வைக்க வேண்டும். ஆனால் வெயில் குறையக் கூடாது. பெரிய தொட்டியை ஒரு ஆள் தூக்க வேண்டாம். அடியில் கோணிச் சாக்கைப் போட்டு இரண்டு பேர் இழுத்தால் போதும்.

தென்னை மரத்தில் தகரம் சுற்றுவதைப் பார்த்துச் சிலர் தொட்டிச் செடித் தண்டிலும் தகரம் கட்டுகிறார்கள். தென்னை உயரமானது, ஏற வேறு வழி கிடையாது. தொட்டிச் செடி மூன்றடி, நான்கடிதான். அணில் தரையிலிருந்தே கிளைக்குத் தாவிவிடும். தகரம் வீண் செலவு.

வழி 2: காய்க்குச் சட்டை போடுவோம்

செலவு குறைந்த, பலன் நிச்சயமான வழி இது. கொய்யா எலுமிச்சை அளவுக்கு வந்ததும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை கட்ட வேண்டும். பழைய நைலான் கொசுவலை, பருத்திப் புடவைத் துணி, எண்ணெய்த் தாள், எது இருந்தாலும் சரி. காம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, தாள் பையாக இருந்தால் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை விட வேண்டும். பிளாஸ்டிக் கவர் மட்டும் வேண்டாம். உள்ளே புழுங்கித் தண்ணீர் கோத்து காய் அழுகிவிடும்.

பை கட்டினால் பழ ஈயும் முட்டை வைக்க முடியாது. மாதுளையில் காயைத் துளைத்து உள்ளே போகும் புழுவும் வராது. ஒரே வேலையில் இரண்டு லாபம்.

அணில் தொந்தரவு மிக அதிகம் என்றால் துணிப் பையைக் கடித்துக் கிழித்துவிடும். அப்போது ஜன்னலுக்கு அடிக்கும் கம்பிக் கொசுவலைத் துண்டைப் பை போல மடித்து, ஓரத்தை மடக்கிக் கட்டினால் பல் இறங்காது. பல வருடம் உழைக்கும்.

வழி 3: கம்பி வலைக் கூண்டு

நாலைந்து தொட்டிகள் ஒரே இடத்தில் இருந்தால் கூண்டு லாபம். நான்கு மூங்கில் கழி நட்டு, அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை மேலும் நான்கு பக்கமும் அடிக்க வேண்டும். கண் பெரிதானால் எலி நுழையும். அடிப்பக்கத்தை மண்ணில் அரை அடி புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் எலி தோண்டி வரும். ஒரு சின்னக் கதவு அவசியம். பூக்கும் காலத்தில் பகலில் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தேனீயும் வண்டும் வந்து போனால்தான் காய் பிடிக்கும்.

நைலான் வலை போர்த்துபவர்கள் அதை இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் பறவையும் வவ்வாலும் சிக்கிச் சாகும். எலியைப் பிடிக்க வரும் சாரைப் பாம்பும் அதில் மாட்டிக்கொள்ளும். எலியைத் தின்பதால் சாரையும் ஆந்தையும் நமக்குக் கூலி வாங்காத காவல்காரர்கள்.

வழி 4: முந்திக்கொண்டு பறிப்போம்

சப்போட்டா, சீத்தா, மா ஆகியவை முற்றிய காயாகப் பறித்தாலும் வீட்டில் பழுக்கும். கொய்யாவும் கரும்பச்சை மாறி வெளிர்ந்து வரும்போது பறித்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் கனிந்துவிடும். வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் போதும். கார்பைடு கல் வைக்கவே கூடாது, சட்டப்படியும் தடை. மாதுளையும் ஆரஞ்சு வகைகளும் பறித்த பின் பழுக்காது. அவை செடியிலேயே பழுக்க வேண்டும். எனவே பை கட்டும் வேலையை முதலில் மாதுளைக்குச் செய்யுங்கள்.

குரங்கு வரும் ஊரில் புதிதாகச் செடி வைப்பவர்கள் எலுமிச்சையில் தொடங்கலாம். புளிப்பும் முள்ளும் இருப்பதால் இதற்குச் சேதம் குறைவு.

இவை எவ்வளவு உதவும்?

மிளகாய், பூண்டு அரைத்துக் கரைத்துத் தெளிப்பது அணிலையும் எலியையும் சில நாள் தள்ளி வைக்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். கிளிக்கு இது பயன்படாது. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைப்பதில்லை. கிளி மிளகாய்ப் பழம் தின்பதை நாம் பார்த்திருக்கிறோமே!

பளபளக்கும் பட்டை, பழைய சி.டி. தொங்கவிட்டால் பறவை பயப்படும். பழகிப் போனால் அதன் மேலேயே வந்து உட்காரும். எனவே பழுக்கும் நாட்களில் மட்டும் கட்டி, அடிக்கடி இடம் மாற்ற வேண்டும்.

கோடையில் பிராணிகள் பசிக்கு மட்டும் வருவதில்லை, தாகத்துக்கும் வருகின்றன. தொட்டிக்குத் தள்ளி ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைப்பது நல்லது. தினம் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

இவற்றைச் செய்யவே கூடாது

விஷம் வைக்காதீர்கள். பழத்தில் தடவிய விஷத்தை அணில் தின்னுமா, பக்கத்து வீட்டுக் குழந்தை தின்னுமா என்று யார் சொல்ல முடியும்? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலை அழித்துவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. எலிக்குப் பொறி வையுங்கள், அது போதும்.

கம்பியில் கரண்ட் விடாதீர்கள். 2023 மார்ச்சில் நம் மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே, விளைநிலத்தில் சட்ட விரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றதை நாடே பார்த்தது. வேலி போட்டவர் வீட்டு ஆளே மிதித்துச் செத்த சம்பவங்களும் பல ஊர்களில் உண்டு.

பிடிப்பதும் கொல்வதும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மயில் அதன் முதல் அட்டவணையில் உள்ளது. கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை என்றால் குழுவாக மனு எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். ஒகேனக்கல் போனால் குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். கையில் வாங்கித் தின்னப் பழகிய குரங்குதான் வீட்டுக்குள் நுழைகிறது.

கடித்த பழம்

"அணில் கடிச்ச பழம் இனிக்கும்" என்பார்கள். அணில் நன்கு பழுத்ததைத் தேடிக் கடிப்பதால் அது இனிக்கிறது, அதன் வாயில் இனிப்பு இல்லை. எச்சில் வழியாக நோய் வரலாம். முக்கியமாக வவ்வால் கடித்த பழத்தைத் தொடவே வேண்டாம். 2018இல் கேரளாவின் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் பல உயிர்களைக் குடித்த நிபா வைரஸ் பழந்தின்னி வவ்வால்களிடம் இருப்பது. கடித்த பழங்களைக் குழியில் போட்டு மூடுங்கள். அதற்காக வவ்வாலை வெறுக்க வேண்டாம். இலுப்பைப் பூவில் மகரந்தச் சேர்க்கை நடத்துவதும், காட்டில் விதை பரப்புவதும் அதுதான்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1989இல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அன்று முதல் நாம் கற்றது, எதையும் எழுதிக் கணக்குப் பார்ப்பது. இதையும் எழுதுவோம்.

1. செடி வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு மாதம் எழுதுங்கள்: பிடித்த காய் எத்தனை, கையில் கிடைத்தது எத்தனை, போனது எத்தனை, எதனால் போனது.
2. பாதிக் காய்க்குப் பை கட்டி, பாதியை அப்படியே விடுங்கள். மாத முடிவில் இரண்டையும் எண்ணிப் பாருங்கள். பலன் தெரிந்த பிறகு செலவு செய்யலாம்.
3. கூண்டு போட விரும்புவோர் கம்பி வலையைச் சேர்ந்து சுருளாக வாங்குங்கள். தனித்தனியே மீட்டர் கணக்கில் வாங்குவதைவிட விலை குறையும். கடன் வாங்கிப் போடும் அளவுக்கு இது தேவையா என்று கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.
4. செடி, உரம், பழ ஈ பற்றிய சந்தேகங்களைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கேள்விகளைத் தொகுத்து எடுத்துப் போகலாம்.

ஒன்றிரண்டு பழம் அணிலுக்கும் கிளிக்கும் போகட்டும், தவறில்லை. உச்சிக் கிளையில் எட்டாத காயை அவற்றுக்கு விட்டுவிடுவோம். கைக்கெட்டும் காய்க்கெல்லாம் இந்த வாரமே பை கட்டுவோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கணக்கு நோட்டோடு, பழுத்த கொய்யா இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்!