நான்காவது கட்டம்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவிகளிடம் ஒரு கட்டுரை கேட்டேன். தலைப்பு, ‘2050இல் எங்கள் தெரு’. கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, மருதானை என்று யார் எங்கே வசிக்கிறார்களோ அந்தத் தெருவைப் பற்றி எழுதலாம் என்றேன். முப்பத்தொரு தாள்கள் வந்தன. பறக்கும் ஓட்டோ, எழுபது மாடிக் கட்டடம், வட்டலப்பம் அவிக்கும் ரோபோ என்று எல்லாம் இருந்தன. கடல் காலி வீதி வரை ஏறிவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த எழுபது மாடிகளில் யார் குடியிருக்கிறார்கள், வீட்டுக்குள் என்ன மொழி பேசுகிறார்கள், வயதான உம்மம்மாவை யார் பார்க்கிறார்கள் என்று ஒருத்தியும் எழுதவில்லை.

பிழை பிள்ளைகளுடையதல்ல, என் கேள்வியுடையது. ‘என்ன வரும்’ என்று கேட்டால் இயந்திரங்கள்தான் வரும். ‘என்னவெல்லாம் நடக்கக்கூடும், அதில் எது நமக்கு வேண்டும், அதற்கு இப்போது என்ன செய்யலாம்’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்படிக் கேட்பதைத்தான் இன்று எதிர்கால நோக்கு என்று ஒரு பாடமாகவே கற்பிக்கிறார்கள்.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தாய் எழுந்து, “நாளைக்கு நடக்கப்போறது அல்லாஹ்வுக்குத்தானே தெரியும் டீச்சர்? இது குறி பார்க்கிற மாதிரி இல்லையா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. குறி சொல்பவர் இதுதான் நடக்கும் என்று ஒன்றையே சொல்வார். இந்தப் பாடமோ எது நடக்கும் என்று தெரியாது என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. தெரியாது என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மூன்று நான்கு எதிர்காலங்களை எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆயத்தமாகிறோம். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் ஏழு வருடச் செழிப்பையும் ஏழு வருடப் பஞ்சத்தையும் அறிவித்தது இறைவன். களஞ்சியத்தில் தானியத்தைச் சேர்த்தது மனிதர்களின் வேலை. நாம் பேசுவது இந்த இரண்டாவது வேலையைப் பற்றி.

வியாபாரிகள் இதை முன்பே செய்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய்க் கம்பனியில் பியர் வாக் என்பவரும் அவரது குழுவினரும் எண்ணெய் விலை திடீரென ஏறினால் என்னவாகும் என்று கதைகளைப் போல எழுதி முகாமையாளர்களிடம் கொடுத்தார்கள். 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் யுத்தம் மூண்டது. ஏறக்குறைய மூன்று டொலராக இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டொலரை நெருங்கியது. அந்த நாளை ஏற்கெனவே மனதுக்குள் ஒருமுறை கண்டிருந்த கம்பனி மற்றவர்களைப் போலத் தடுமாறவில்லை. சரி, கம்பனிகளுக்கு இலாபம் முக்கியம். ஒரு சமூகத்துக்கு இதனால் என்ன பயன்? அதற்கு நான் வகுப்பில் சொன்னது ஒரு பெண்ணின் கதை.

பேகம் ரொக்கேயா 1880இல் இன்றைய பங்களாதேஷில், ரங்பூருக்கு அருகே பிறந்தவர். வீட்டுப் பெண்கள் வங்காளமோ ஆங்கிலமோ படிப்பதைக் குடும்பம் விரும்பவில்லை. வீடு தூங்கிய பிறகு மூத்த சகோதரர் இரவில் அவருக்கு இரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ என்ற சிறுகதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது முதலில் வெளிவந்தது கல்கத்தாவில் அல்ல, நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மெகசின்’ என்ற பெண்கள் சஞ்சிகையில்.

கதையில் வருவது பெண்கள் ஆளும் ஒரு நாடு. ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அங்கே பெண்களுக்கான பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்று மேகத்திலிருந்து நேராகத் தண்ணீரை இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. அதில்தான் சமையல் நடக்கிறது, படையெடுத்து வந்த எதிரியும் அதனால்தான் விரட்டப்படுகிறான். பயணம் போவது ஆகாய வண்டியில். கணவர் சகாவத் ஹுசைன் வீடு திரும்பியதும் நின்றபடியே முழுவதையும் வாசித்தாராம். (ஆண்கள் எல்லோரையும் வீட்டுக்குள் வைத்துவிட்டீர்களே என்று என் மாணவிகளும் சிரித்தார்கள். அது கேலி. அன்றைய நிலைமையைத் தலைகீழாகக் காட்டி யோசிக்கவைக்கும் உத்தி.)

கணவர் 1909இல் காலமானார். அவர் ஒதுக்கி வைத்த பணத்தில் ரொக்கேயா பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளுடன் ஒரு பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார். அங்கே நிலைக்க முடியவில்லை. 1911இல் கல்கத்தாவுக்கு வந்து எட்டுப் பேருடன் மறுபடி தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். பர்தா குலையக்கூடாது என்று பாடசாலை வண்டியைக் காற்றுப் புகாமல் மூடியபோது பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். திறந்து திரைச்சீலை போட்டால், திரை காற்றில் ஆடுகிறது என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன. கதையில் ஆகாய வண்டி ஓட்டிய பெண், நிஜத்தில் ஒரு பஸ்ஸின் திரைச்சீலைக்காகப் போராடியிருக்கிறார். அந்தப் பாடசாலை இன்றும் கல்கத்தாவில் இருக்கிறது.

நம் நாட்டிலும் கற்பனையும் பாடசாலையும் ஒருவரிடமே சேர்ந்து இருந்திருக்கின்றன. கண்டி சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்கெனக் கண்டியில் பாடசாலை திறந்ததும், 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவாக உழைத்ததும் அவர்தான். பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று அவர் தமிழில்தான் வாதாடினார்.

இதற்குப் பிறகு இரண்டாவது முறையாக எழுதினோம். இம்முறை ஒரு தாளை நான்காக மடிக்கச் சொன்னேன். நமக்கு மிக முக்கியமான, ஆனால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாத இரண்டு விடயங்களை மாணவிகளே தெரிவுசெய்தார்கள். ஒன்று, நம் குடும்பங்கள் கொழும்பிலேயே இருக்குமா, வெளிநாடு போய்விடுமா. மற்றது, பிள்ளைகள் தமிழ் வாசிப்பார்களா, மாட்டார்களா. இரண்டையும் குறுக்கே வைத்தால் நான்கு கட்டங்கள், நான்கு எதிர்காலங்கள்.

இங்கேயே இருந்து தமிழ் வாசிக்கும் முதல் கட்டத்தை எல்லோரும் மகிழ்ச்சியாக நிரப்பினார்கள். அதில் இந்தச் சஞ்சிகைக்கு நூறாவது இதழ்கூட வந்துவிட்டது. இங்கேயே இருந்தும் தமிழ் வாசிக்காத இரண்டாவது கட்டத்தில் முதலில் சிரிப்பு, பிறகு மௌனம். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: உம்மம்மாவின் பிஸ்கட் தகரத்துக்குள் உம்மப்பாவின் கடிதங்கள் இருக்கின்றன, வீட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள், வாசித்துச் சொல்லத்தான் ஆளில்லை. உண்மையில் இது 2050க்காகக் காத்திருக்கும் காட்சியல்ல. என் வாப்பும்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபுகள் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அந்தப் பக்கங்களை எங்கள் வீட்டில் இன்று ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒரு வாசிப்பு நம் வீட்டிலிருந்து ஏற்கெனவே போய்விட்டது.

மூன்றாவது கட்டம், போய்விடுகிறோம், தமிழும் போய்விடுகிறது. அதைச் சுருக்கமாக எழுதினார்கள். நான்காவது, போகிறோம், ஆனால் தமிழ் வாசிக்கிறோம். பெரும்பாலான தாள்களில் அது வெறுமையாக இருந்தது. “அது நடக்காது டீச்சர்” என்றார்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் வார இறுதியில் தமிழ்ப் பாடசாலை நடத்துகிறார்களே என்றேன். பேனைகள் மறுபடி அசைந்தன.

கடைசிக் கேள்வி, நான்கு கட்டங்களில் எது வந்தாலும் பயன்படக்கூடிய எதை இந்த வருடமே செய்யலாம்? உம்மம்மா சொல்லும் கதைகளைக் கைபேசியில் பதிவுசெய்து எழுதிவைப்பது. தம்பிக்குத் தினமும் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுவது. தகரத்துக்குள் இருக்கும் கடிதங்களை இப்போதே பிரித்துப் படிப்பது. எல்லாம் சின்ன வேலைகள். எட்டுப் பிள்ளைகளும் சின்னக் கணக்குத்தான்.

பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் கற்பிக்கும் என் சொந்த மகள் ஆங்கில மொழிமூலத்தில் படிக்கிறாள். வாப்பும்மாவுடன் நன்றாகத் தமிழ் பேசுவாள், இந்தச் சஞ்சிகையை அவளால் வாசிக்க முடியாது. ஆங்கிலத்தைத் தெரிவுசெய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று நான் வரைந்தது ஒரே ஒரு எதிர்காலம், அதில் தமிழ் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். மாணவிகளின் நான்காவது கட்டங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திய இரவில்தான் அது உறைத்தது.

இப்போது இஷாவுக்குப் பிறகு இருவரும் இரண்டு வரி வாசிக்கிறோம். ந, ன, ண மூன்றும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கிறாள். இந்த வாரம் ‘ந’ மட்டும் படிக்கிறோம்.