மரக்காணத்தில் வீடு, வேலை எங்கே?

சென்னையில் ஒற்றைப் படுக்கையறைக்குக் கொடுக்கிற வாடகையில் மரக்காணம் பக்கம் தனி வீடே கிடைக்கும் என்று யாராவது சொன்னதும் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். சிறிய ஊரில் செலவு குறைவு என்பது ஊரறிந்த விஷயம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வேலை நாளைக்கே போய்விட்டால், அடுத்த வேலை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது?

சென்னைக்காரருக்குக் கிண்டியில் வேலை போனால் பெருங்குடி, அதுவும் இல்லையென்றால் சிறுசேரி. வீடு மாறாமலே கம்பெனி மாறலாம். பெருநகர வாடகையில் ஒரு பங்கு இந்த வசதிக்கான விலைதான். சிறிய ஊருக்குக் குடிபோகிறவர் அதை விட்டுவிட்டுப் போகிறார்.

உப்பளத்தைப் பாருங்கள்

மரக்காணத்தின் அடையாளம் உப்பு. மழை ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர்செய்து உவர்நீர் பாய்ச்சுகிறார்கள். வெயில் ஏறினால் நிற்க முடியாது. அதனால் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் பாத்தியெல்லாம் வெள்ளம், மூன்று மாதம் வேலை நின்றுவிடும். அந்த மூன்று மாதத்துக்காகவே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.

உப்பு வாருகிறவர் கையில் காசில்லாத மாதத்தில் டீக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் கடன் நோட்டுதான் நிறையும். இங்கே கடை போடவோ தொழில் தொடங்கவோ நினைக்கிறவர், மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

வட்டம் போடுங்கள்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரியும் திண்டிவனமும் சுமார் 35 கி.மீ. சென்னை சுமார் 120 கி.மீ. ஆசிரியர், செவிலியர், ஆய்வகப் பணியாளர் என்றால் புதுச்சேரிப் பக்கம் ஜிப்மரும் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகமும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. தொழிற்சாலை வேலைக்குத் திண்டிவனம் சிப்காட். கணினித் துறைக்கு வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறந்திருக்கிறது.

பைக்கிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய வட்டத்துக்குள், உங்கள் துறையில் சம்பளம் தரக்கூடிய மூன்று இடங்களை எழுதிப் பாருங்கள். மூன்று தேறினால் தைரியமாக வரலாம். ஒன்றுதான் தேறுகிறது என்றால், நீங்கள் வருவது ஊரை நம்பியல்ல, ஒரே முதலாளியை நம்பி.

வீட்டிலிருந்தே வேலை என்றால்

சம்பளம் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வந்தால் கணக்கு உங்கள் பக்கம். ஆனாலும் மூன்றைச் சரிபாருங்கள்.

• வேலை நடக்கும் இடம் எது என்று நியமனக் கடிதத்திலேயே இருக்கட்டும். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது, மேலாளர் மாறினால் செல்லாது.

• பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் வீட்டு வாடகைப் படியைக் கவனிக்க வேண்டும். விலக்குக்கான வரம்புகளில் ஒன்று, சென்னையில் குடியிருந்தால் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 50 சதவீதம், மரக்காணத்தில் 40.

• மின்சாரமும் இணையமும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது, விழுப்புரம் வழியாகப் போகும் ரயில்களே நின்றன. இன்வெர்ட்டரும் இரண்டாவது நிறுவனத்தின் சிம்மும் இங்கே ஆடம்பரமில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே போய் வேலை பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே அலுவலகத்தில் பேசிவையுங்கள்.

மனை வாங்க அவசரப்படாதீர்கள்

மாசி மாதக் கடற்காற்றில் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். வாடகைக்கு வீடு பிடிப்பதானால் அக்டோபரில் பிடியுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, பஸ் எந்த நாளில் வராது, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே ஓடுவது என்பதெல்லாம் அந்த மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்தில் கழுவேலி போன்ற பெரிய நீர்நிலை இருக்கிற பகுதி இது. தாழ்வான மனையைக் கோடையில் பார்த்து ஏமாறுவது எளிது. 11 மாத ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிடித்திருந்தால், அப்போது பத்திரச் செலவைப் பற்றி யோசிக்கலாம்.